சம்பந்தி வீட்டாருக்காக ஒரு சுவர்

வரும் வெள்ளிக்கிழமை அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருகிறோம். வீட்டைத் தயார்செய்ய வேண்டும் என்று இன்று அப்பாவுடன் அன்னவாசலில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

அக்காவுக்கு முட்டி வலி. குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று போனில் அழுதாள். அதனால் வெஸ்டர்ன் டாய்லெட் கேட்டேன்.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். "வீட்ல முடியாதவங்க யாரும் இருக்காங்களாண்ணே?"

"அதெல்லாம் இல்லப்பா. புள்ள பாக்க சம்பந்தி வீட்ல வருவாங்க. முன்னாடி செவுத்துக்கு நல்ல பெயிண்டா எடுத்துப் போடு."

"அப்பா, அக்கா எப்படிப்பா குந்தி எந்திரிக்கும்?"

"ஒங்கம்மா மூணு பெத்தா. ஒரு நாளாச்சும் இதெல்லாம் கேட்டிருப்பாளா?"

பக்கத்தில் சிமெண்ட் வாங்க நின்றவர், "தம்பிக்குத்தான் மாசமா?" என்றார். கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

இரண்டு வாளி பெயிண்டோடு திரும்பினோம். வழியில் வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

வீட்டில் அம்மா பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள், பிறக்கப்போகும் குழந்தைக்காக.

"ஏம்மா, நீ ஒரு தடவகூடக் கேக்கலயா?"

அம்மா நிமிரவில்லை.

"கேக்காமயா? அப்ப வீட்ல கக்கூஸே கெடையாது. மூணு தடவையும் கட்டச் சொன்னேன். மூணு தடவையும் வெள்ளையடிச்சாரு."

நாளைக்கு நானே போய் வாங்கப் போகிறேன். வெள்ளிக்குள் மாட்டிக்கொடுக்க ஒரு பிளம்பர் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாருக்கு மாசம் என்று கேட்காத ஆளாக இருந்தால் நல்லது.