ஊசி போட்டபின் உட்காரும் பெஞ்சு

ஊசி போடுவது நர்ஸின் வேலை. போட்டுக்கொண்டவரை அரை மணி நேரம் எழுந்து போகவிடாமல் வைத்திருப்பது ஆயாவின் வேலை. இதில் எது கஷ்டம் என்று ஆயாவாக இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜீவனஹள்ளியில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் சேர்ந்தபோது என் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை; அவளையும் தூக்கிக்கொண்டுதான் வேலைக்கு வருவேன். நான் படித்தது ஐந்தாவது. ஆண்களிடம் நிமிர்ந்து பேச வராது.

முதல் நாள்

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். சிலருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாது. உள்ளங்கை அரிக்கும், தோல் தடிக்கும், உதடு வீங்கும், குரல் கம்மும். அப்புறம் மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தம் இறங்கி, ஆள் சரிந்துவிடுவார். எல்லாம் சில நிமிஷத்தில். அரிப்பு என்றாலே கூப்பிடு என்றார். அன்றைக்கே ஒரு ஆட்டோக்காரரிடம் கை அரிக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அரிக்குதும்மா, உன் பெஞ்சுல மூட்டப்பூச்சி" என்றார்.

காணாக்கடி

கார்மென்ட்ஸில் வேலை செய்யும் ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்தது. காணாக்கடிதான், கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்திருக்கிறது, வெற்றிலையும் மிளகும் மென்றால் அடங்கிவிடும் என்று மாமியார் அவளைக் கிளப்பப் பார்த்தார். தண்ணீர் கேட்ட அவள் குரல் கரகரத்தது. எனக்குக் கத்த வரவில்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். படுக்கவைத்து, காலை உயர்த்தி, தொடையில் வேறு ஊசி போட்டதும் மூச்சு சீரானது. நடக்கவிட்டிருந்தால் வழியிலேயே போயிருப்பாள் என்றார் டாக்டரம்மா. மாமியார் என்னைத்தான் முறைத்தார்.

"உங்க ஊசி கெடுத்தத உங்க ஊசியே சரி பண்ணுதா? நல்ல பொழப்புடி."

போன தடவை

ஒரு கட்டட மேஸ்திரி. அதே மருந்தை முன்பே போட்டுக்கொண்டவர். அப்போது ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கில் சேராது. உடம்பு முதல் தடவை மருந்தை அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை எதிரி என்று பாயலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதையே அவரிடம் சொன்னேன். "போன தடவையும் இதே ஊசிதாம்மா, இன்னா ஆச்சு? அங்க ஆளுங்க காத்துனு கீறாங்க" என்று எழுந்துவிட்டார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கேட் கம்பியில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுரோட்டில் அவர் சட்டையைப் பிடித்தேன். எல்லோரும் பார்த்தார்கள். உதறிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போனார். நான் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தபோது தரையில் கிடந்தார், உதடு வீங்கி நீலமாக இருந்தது. அங்கேயே ஊசி போட்டு ஆட்டோவில் ஏற்றினோம். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து அவர் சம்சாரம் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. பக்கத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"டீய முழுசா குடிச்சாராம்மா?"

அதற்கப்புறம் யாராவது பெஞ்சில் உட்கார்ந்து என்னை வாய் நிறையத் திட்டினால், மூச்சு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.