என் மனசுக்கு மாமியார் சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோவையில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் நடந்தது இது. எனக்கு முதல் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளை அழுதால்கூடத் தூக்கத் தோன்றாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பேன். பிரசவம் பார்த்த டாக்டர் சொன்னதால், பொள்ளாச்சியிலிருந்து மாமியாரோடு அங்கே போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆலோசகரைப் பார்க்கும் முன் மனநிலை பற்றிய ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டுமாம். கையில் கொடுத்திருந்தால் நானே எழுதியிருப்பேன். வரவேற்பில் இருந்த பெண்ணோ, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஹாலில் அத்தனை பேர் நடுவே சத்தமாக வாசித்தார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா... நான் வாய் திறக்குமுன் மாமியார் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாச்சும் தோணுச்சுங்களா?"

"அதெல்லாம் எங்கூட்டுப் புள்ளைக்குத் தோணாது அம்மணி. இல்லைன்னு போட்டுக்க."

போட்டுக்கொண்டார். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே என்னை மட்டும் அழைத்த ஆலோசகர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்றார். அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்த எனக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ.

"அதுல இருக்கறது எங்க அத்தையோட பதிலுங்க. என்னைய யாருமே கேக்கலைங்க."

வெளியிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் அவர்.

"அத்தையப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, சாகத் தோணுதுன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

அவர் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டார். புதுத் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கே என் சம்மதத்தோடு கணவரை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

சிகிச்சைக்கு நடுவில் ஒருநாள் போனபோது, அதே ஹாலில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம், அப்பா பக்கத்தில் இருக்க, அதே கேள்விகள் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து போய்த் தாளை வாங்கி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். வரவேற்புப் பெண் முறைத்தார். முறைக்கட்டும்.

இன்று நன்றாக இருக்கிறேன். பயத்தில் சொன்ன மாமியார் மேல் வருத்தமில்லை. ஆனால், என்னிடம் கேட்காமலே எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்ப இருந்தார்களே, மகன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போதுகூட அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.