ஒரே நம்பர், இரண்டு வீடு

கிள்ளானில் நானும் என் கணவரும் இறுதிச் சடங்குச் சேவை நடத்துகிறோம். பெட்டி, வண்டி, பந்தல், மாலை எல்லாம் எங்கள் பொறுப்பு. வீட்டில் ஒருவர் போய்விட்டால் யாரும் உட்கார்ந்து விளம்பரம் தேடுவதில்லை. தெரிந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் நம்பர் மாமனார் காலத்திலிருந்து மாறாத நம்பர்.

எங்கள் கடை வரிசையில் பழைய டெலிபோன் கம்பியை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். இனி இன்டர்நெட் வழியாகத்தான் பேச வேண்டுமாம். எந்தக் கம்பெனி என்பதை நாங்களே தேர்ந்தெடுக்கலாமாம்.

விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் கம்பெனி புது நம்பர்தான் தருவேன் என்றது. இரண்டாவதில் பழைய நம்பர் கிடைக்கும், ஆனால் கூப்பிடுகிறவர் முதலில் ஒரு பதிவுக் குரலைக் கேட்டாக வேண்டும். அப்பாவைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருப்பவரிடம் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது கம்பெனிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆபீஸ். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். பழைய நம்பரே இருக்கும், பதிவுக் குரல் கிடையாது, கரண்ட் போனாலும் கைப்பேசிக்கு அழைப்பு வந்துவிடும், வேண்டுமானால் பல போன்களில் ஒரே நேரத்தில் அடிக்க வைக்கலாம். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் அவள் கேட்டாள். "இந்த நம்பர் யார் பேர்ல இருக்கு அக்கா?"

கணவருடைய அண்ணன் பெயரில் இருந்தது. நம்பரைப் புதுக் கம்பெனிக்குக் கொண்டுவர அவர் கையெழுத்து வேண்டுமாம்.

மாமனாருக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் கடையைப் பார்த்தார்கள். போர்ட் கிள்ளானில் இன்னொரு கடை போட வேண்டும் என்றார் அண்ணன். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போய்த் தனியாகத் தொடங்கினார், நிலைக்கவில்லை. இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். இருவரும் பேசிப் பல வருடமாகிறது.

"புது நம்பரே எடுத்துக்கலாம். அவன் வாசல்ல போய் நான் நிக்க மாட்டேன்" என்றார் என் கணவர். நம்பர் மாறினால் கடை தாங்காது என்பது அவருக்கும் தெரியும். அதனால் நான் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி அண்ணன் வீட்டில் போய் இறங்கினேன். அவர் என்னை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பல போன்களில் அடிக்கும் என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்துப் போடுறேன்மா. ஆனா என் போன்லயும் அடிக்கணும்" என்றார்.

எதற்கு மாமா என்று கேட்டேன்.

"நாள் முழுக்க லோரியில உக்காந்திருக்கேன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடறதில்ல."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடாமலே எழுந்துபோனார். பல நாள் கழித்து, செய்துகொள் என்று ஒரு சொல் சொன்னார்.

இப்போது கடையில் போன் ஒரு தடவை அடித்து நின்றுவிடும். அண்ணன் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். எடுக்க நீட்டிய கையைக் கணவர் மடக்கிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் முகவரி என் கைப்பேசிக்கு வரும், அவர் தம்பிக்கு அனுப்புவதில்லை. நான் சொல்ல, கணவர் வண்டி எடுப்பார். சில சமயம் எங்களிடம் இல்லாத பெரிய பந்தலைப் போடுவதாக அண்ணன் வாக்குக் கொடுத்துவிடுவார். வெளியில் அலைந்து வாடகைக்குப் பிடிப்போம். போகிற வீட்டிலோ, போனில் ஆறுதலாகப் பேசிய அந்த அண்ணன் எங்கே என்று என் கணவரிடமே கேட்பார்கள்.

தாங்காமல் பிரிக்ஃபீல்ட்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, இதை மாற்ற முடியுமா என்றேன். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றாள். முடிந்த பிறகு? "முடிஞ்சாலும் நம்பர் அவர் பேர்லதானே இருக்கு. அவர் சொன்னாத்தான் மாத்த முடியும் லா, அக்கா."

போன வாரம் ஒரு நாள் போன் நிற்காமல் அடித்தது. கணவர் பக்கத்திலேயே நின்றும் எடுக்கவில்லை. நான் ஓடிவந்து எடுத்துப் பேசி முடித்தேன்.

"அவன் ஏன் எடுக்கல?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். துறைமுகத்துக்குள் வரிசையில் நின்றாராம், அங்கே லைன் கிடைக்கவில்லையாம். கணவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டார். நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்களேன் என்று பின்னால் போய்ச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.