ஹனோவர் கள்ளுக்கடைக்காரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு பழைய பியர்க்கடையைக் காலையில் துப்புரவு செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். முதல் நாள், சிகரெட் சாம்பலும் புளித்த பியரும் கலந்த வாடை தாங்காமல் வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பிறகு பழகிவிட்டது.

கடைக்கு நூறு வயதுக்கு மேல். சுவரில் மூன்று முதலாளிகளின் படங்கள்: தொடங்கியவர், மகன், பேரன். பேரனும் இறந்துபோக, அவருடைய மனைவிதான் கடையை நடத்தினார். ஒருநாள் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "இந்த ரெண்டாவது ஆள் சண்டைக்குப் போய்ப் பிடிபட்டு, வர ஒம்பது வருசம். அதுவரைக்கும் என்ரை மாமிதான் கடைக்காரி. குண்டு விழுந்து கூரை போனாப் பிறகும் நிலவறையிலை வைச்சு வித்தவ."

"அவவின்ரை படம் எங்கை?"

"அலுமாரிக்குள்ளை." தோளைக் குலுக்கினார். "ஆம்பிளையளைத்தானே மாட்டுறவை."

சில வருடங்களில் அவருக்கு முழங்கால் ஏலாமல் போனது. அதற்குள் நான் பியர் வார்க்கவும் பழகியிருந்தேன். சூதாட்ட இயந்திரங்கள் வைக்க ஒருவன் கடையைக் கேட்டு வந்தான். அவனை அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "நீ எடுத்து நடத்துவியோ?"

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனீரோ?"

"யோசிச்சனான். பிறகுதான் ஓம் எண்டு சொன்னனான்."

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஆனாலும் கடை அனுமதிக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்கும் நாளில் கூட வந்தார். அலுவலகத்தில் இருந்தவர் கேள்விகளையெல்லாம் அவரைப் பார்த்தே கேட்டார். நாலாவது கேள்வியில் என் கணவர் தன் அரைகுறை ஜெர்மனில் சொன்னார்: "என்னை ஏன் கேக்கிறியள்? கடை அவவின்ரை." அவரைக் கட்டியதற்காக அன்று சந்தோஷப்பட்டேன்.

சாவி கைக்கு வந்த அன்று முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து அந்த மாமியின் படத்தை எடுத்து, ஆண்களுக்கு நடுவில் ஆணியடித்து மாட்டினேன். பக்கத்தில் என்னை வேலைக்கு வைத்தவரின் படத்தையும். அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது ஒரு அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "கத்தோலிக்கப் பொம்பிளை கள்ளுக்கடை வைச்சிருக்கிறாவாம். வெக்கமில்லை."

"அக்கா, கானாவூர்க் கலியாணத்திலை ஆண்டவர் தண்ணியை வைனாத்தானே மாத்தினவர், தேத்தண்ணியாவோ?" என்றேன். பூசை வைத்த சாமியார் இருமிக்கொண்டு வெளியே போனார். அந்த அக்கா அதன்பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. அந்த வலியை மறைக்க விரும்பவில்லை, வலித்தது.

கடையிலும் சுமுகமில்லை. நடு மேசை, வருடக்கணக்காக வரும் ஓய்வுபெற்ற ஆண்கள் ஆறு பேருக்கு உரியது. அவர்களில் ஒருவர், பழைய டிராம் சாரதி, கிளாஸை உயர்த்திப் பார்த்துவிட்டு, "நுரை சரியில்லை. இது உங்கடை ஆக்களுக்கு வராது," என்றார்.

"முந்தின கடைக்காரி வார்த்ததும் இதே குழாயிலைதான், இதே நேரம் எடுத்துத்தான். குடிக்காட்டி விடுங்கோ. மன்னிப்புக் கேக்க மாட்டன்."

ஆறு பேரும் எழுந்து போனார்கள். மூன்று வாரம் அந்த மேசை வெறுமையாக இருந்தது. பயந்தேன். ஆனால் போய்க் கூப்பிடவில்லை. காலையிலேயே கடையைத் திறந்து தேத்தண்ணியும் முட்டை ரொட்டியும் போட்டேன். அலுவலகங்கள் துடைத்து முடித்த பெண்கள், துருக்கிக்காரிகள், போலந்துக்காரிகள், எங்கள் ஆட்கள் மூன்று பேர், கால் வலிக்க வந்து இருந்தார்கள். அவர்களுக்கு நடு மேசையைக் கொடுத்தேன். மத்தியானம் தாண்டியும் இருந்து கதைப்பார்கள்.

ஒரு மழை நாளில் சாரதி மட்டும் திரும்பி வந்தார். நடு மேசையில் ஏழு பெண்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்கடை மேசை," என்றார்.

"இருந்தது. யன்னல் கரையிலை ஒரு கதிரை இருக்கு. விருப்பமெண்டால் இருங்கோ."

சிவந்த முகத்தோடு வாசல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். பிறகு நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, யன்னல் கரையில் இருந்தார்.