தானாகத் திரும்பிய திருகு

போன வாரம் என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் திடீரென்று செத்துப்போனது. கம்ப்யூட்டரில் சொருகினால் விளக்கு எரிகிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை.

"போயிடுச்சு மாமா, விட்டுடுங்க" என்றாள் மருமகள்.

நான் வேறொரு கேபிளை எடுத்துச் சொருகினேன். உயிர் வந்துவிட்டது. "எப்படி மாமா முதல்லயே கேபிள் மேல சந்தேகம் வந்தது?" என்று கேட்டாள். அவளிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. அந்தக் காலத்து டிஸ்க், துணி துவைக்கும் மெஷின் அளவுக்கு இருக்கும். கம்ப்யூட்டருக்கு வெளியே தனியாக நிற்கும். இரண்டையும் இணைக்கும் தடித்த கேபிள், தரைப் பலகைகளுக்கு அடியில் ஓடும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிஸ்க் தயாராக இல்லை என்று கம்ப்யூட்டரோடு இணைந்த டைப்ரைட்டர் தானாக அடித்துக் காட்டியது. பலகையைத் தூக்கிப் பார்த்தோம். கேபிள் முனை கழன்று கிடந்தது. மாட்டி, இரண்டு பக்கத் திருகுகளையும் இறுக்கினோம். வேலை செய்தது.

மறுநாள் மதியம் மறுபடியும் கழன்றது. அதற்கு அடுத்த நாளும்...

ஒரு கோளாறுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் நமக்கு உடனே ஒரு ஆள் தேவைப்படுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

கிடைத்த ஆள் சேவியர். ராயபுரத்துக்காரன், எங்கள் ஆபரேட்டர். சாப்பாட்டு நேரத்தில் அறையில் தனியாக இருப்பவன் அவன்தான். போதாததற்கு, அவன் அண்ணன் துறைமுகத்தில் யூனியன்காரர். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று ஊரெல்லாம் கோஷம் கேட்ட காலம் அது. மேனேஜருக்கு வேறென்ன வேண்டும்?

"இன்னா சார், எம்மேலயே டவுட்டா? மாதா மேல சத்தியம், நான் அத்த தொடவே இல்ல" என்றான் சேவியர். அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை.

இன்ஜினீயர் ராகவன் நியாயமான மனிதர். "நாளைக்கு மத்தியானம் மூணு பேரும் இங்கேயே உட்காருவோம். பார்த்துடலாம்" என்றார்.

உட்கார்ந்தோம். பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தாயிற்று. திருகுகளை ராகவனே இறுக்கினார். சேவியர் இரண்டு கைகளையும் அக்குளில் திணித்துக்கொண்டு சுவரோரம் இருந்தான்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது.

சற்று நேரத்தில், தரையில் மெல்லிய அதிர்வு. தம்... தம்... காதில் கேட்டது என்று சொல்ல முடியாது. பாதத்தில்தான் தெரிந்தது.

திருகு அசைந்தது.

பட்டப்பகல். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரோ நிதானமாக இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவதுபோல் அது திரும்பியது. நின்றது. மறுபடி திரும்பியது. ஒன்று முடிந்ததும் அடுத்தது... கேபிள் முனை தொப்பென்று விழுந்தது. டைப்ரைட்டர் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது.

சேவியர் சிலுவை போட்டுக்கொண்டான்.

ராகவன்தான் முதலில் பேசினார். "பக்கத்து காம்பவுண்ட் பட்டறையில பெரிய சம்மட்டி மெஷின் இருக்கு. அந்த அதிர்வுலதான் திருகு கழலுது." மேனேஜருக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தார். சேவியர் வேலை தப்பியது. கேபிள் முனையைக் கட்டுக்கம்பியால் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கிக் கட்டினோம்.

"பட்டறைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க" என்று மேனேஜர் என்னையும் சேவியரையும் அனுப்பினார்.

பட்டறை வாசலில் வாட்ச்மேன் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சம்மட்டியா? அது எங்க நைனா ஓடுது? போன வாரம் ஆள் ஒர்த்தன் அதுல மாட்டிக்கினு செத்துப்பூட்டான். அன்னிலேர்ந்து நிறுத்தி பூட்டி வெச்சிகீறாங்கோ. கிட்ட போவவே பசங்க பயந்துகினு கீறானுங்க."

"எந்த நேரத்துல மாட்டினான்?" என்றேன்.

"மத்தியானந்தான். சாப்ட்டு வந்து அப்பதான் மெஷினாண்ட நின்னான், பாவம்."

திரும்பி வந்தோம். எங்கள் கேட் அருகே சேவியர் நின்றான்.

"சார், இத்த உள்ள போய் சொன்னா மறுபடி என் தலைலதான் வந்து வுடியும். சம்மட்டியே இருந்துட்டு போவட்டும் சார்."

"பேசிவிட்டோம்" என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன். பேசினோம்தானே?

அதன் பிறகு அந்த டிஸ்க் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. ஆனால் திங்கட்கிழமைதோறும் சோதிக்கப் பலகையைத் தூக்கினால் கட்டுக்கம்பியின் முறுக்கு அவிழ்ந்திருக்கும். சேவியர் குனிந்து மறுபடி முறுக்குவான்.

நான் டார்ச் பிடிப்பேன்.