என் பெயரில் நடந்த அர்ச்சனை

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீடோங்கைத் தாண்டிக் குருண் பக்கம் போகும் ஒரு தோட்டத்துச் சாலையில் நடந்தது இது. இதை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்ததே வெட்கக்கேடு. என்னைத் தெரிந்தவர்கள் படித்தால் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும்.

வீடு பாக்கார் ஆராங்கில், வேலை குருணில் ஒரு தொழிற்சாலையில். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே பழைய சின்னக் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். மிதித்தால் முனகும், நகராது. பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். அந்த அவமானம் எனக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது போல. பிள்ளைகள் படிப்பை முடித்ததும் முதல் வேலையாக ஒரு ஹைபிரிட் கார் வாங்கினேன். பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற குடும்பக் கார். பார்க்க சாதுவாக இருக்கும். ஆனால் காலை வைத்தால் அடுத்த நொடியே முதுகு சீட்டில் ஒட்டும்.

அம்மம்மா, நான் ஆடிய ஆட்டம்! தினமும் காலையில் ஆளில்லாத நேரான பாதை ஒன்றில் நிறுத்தி, கைத்தொலைபேசியில் வினாடி எண்ணுவேன். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எட்டு வினாடிக்குக் கொஞ்சம் மேல். இதை வேலையிடத்துக் கேண்டீனில் சொல்லிச் சொல்லி எல்லோருடைய காதும் புளித்துவிட்டது. "அண்ணே, குடும்பக் காடி வாங்குனீங்களா ரொக்கெட் வாங்குனீங்களாலா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது கிண்டலாகவே தெரியவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

அந்த எட்டு வினாடியெல்லாம் நான் தனியாக, காலி காரில், பேட்டரி நிறைந்திருக்கும்போது எடுத்த கணக்கு. எப்போதும் அப்படியே ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு தோட்டத்துக் கோயிலில் ஆண்டுத் திருவிழா. அன்னதானத்துக்கு அரிசி எங்கள் உபயம். பின்னால் இரண்டு மூட்டை அரிசி, ஒரு சாக்குத் தேங்காய், இரண்டு பெரிய அண்டா. காருக்குள் நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அவர் மனைவி என்று நான்கு பேர். யாரும் ஒல்லி இல்லை. மச்சான் வீட்டு வாசலில் அவர்கள் கிளம்பி வருவதற்காக முக்கால் மணி நேரம் காருக்குள் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு ஏற்றமும் இறக்கமுமான பாதை. திரையில் பேட்டரிக் கோடுகள் அடிமட்டத்துக்கு வந்திருந்தன. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோயிலிலிருந்து போன் மேல் போன். "அரிசி எங்கண்ணே? அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருக்கு!" என்று கத்துகிறார்கள். முன்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"வெட்டுங்க மாப்ள, அதுக்குத்தானே இந்தக் காடிய வாங்குனீங்க," என்றார் மச்சான். எங்கள் பக்கம் முந்துவதை வெட்டுவது என்றுதான் சொல்வோம். மச்சான் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே என் கால் இறங்கிவிட்டது.

எதிரே வளைவு கொஞ்ச தூரத்தில் இருந்தது. தினமும் ஓட்டுகிற கணக்கில் அந்தத் தூரம் தாராளம். வலது பக்கம் ஏறி லோரியின் பாதி நீளம் போனேன். கார் போக வேண்டிய வேகத்தில் போகவில்லை. தரையோடு அழுத்தினேன். இயந்திரம் ஓவென்று அலறியது, சத்தம்தான் வந்தது, இழுப்பு வரவில்லை. மோட்டாருக்குக் கொடுக்க பேட்டரியில் ஒன்றும் இல்லை. லோரியின் முன் சக்கரம் என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிரேக் போட்டுப் பின்னால் போயிருக்கலாம். இன்னும் ஒரு நொடியில் இழுத்துவிடும், இன்னும் ஒரு நொடியில் இழுத்துவிடும் என்று என் வீம்பு என்னை விடவில்லை.

வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மனைவி "ஐயோ!" என்றாள். நான் எப்படியோ லோரிக்கு முன்னால் புகுந்தேன். எங்கள் மேல் கீறல்கூட இல்லை. மோட்டார் சைக்கிள் எங்களுக்கு வழி விட்டு ஓரம் இறங்கி, கால்வாய் ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் மோதியதைக் கண்ணாடியில் பார்த்தேன். லோரிக்காரர் கவனித்தாரா இல்லையா தெரியாது. கொஞ்ச தூரத்தில் இருந்த எண்ணெய் ஆலைக்குள் லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் வளைவைத் தாண்டி நிறுத்தி, திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும், தொழிற்சாலைச் சீருடையில் கால்வாய்க்குள் கிடந்தார். இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர். வலது பாதம் கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கியிருந்தது. அந்தப் பாதத்தை நான் வர்ணிக்க மாட்டேன்.

அரிசியையும் அண்டாவையும் இறக்கிப் போட்டுவிட்டு, மச்சானையும் அவர் மனைவியையும் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் படுக்கவைத்து மருத்துவமனைக்கு ஓட்டினேன். என் மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"லோரிய வெட்டிக்கிட்டு வந்தாண்ணே ஒருத்தன்... நிக்காமப் போயிட்டான் பாவி... நீங்க மட்டும் பின்னால வரலன்னா நான் அங்கயே செத்திருப்பேண்ணே."

நாங்கள் திரும்பி வந்தது அவர் வந்த திசையிலிருந்து. அதனால் தனக்குப் பின்னால் வந்த யாரோ என்று எங்களை நினைத்துவிட்டார். "நான்தாம்மா அது" என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். என் வாய் திறக்கவில்லை. கண்ணாடியில் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன்.

மருத்துவமனையில் அவர் கணவர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க அந்தக் காடிய பாத்தீங்களாண்ணே? நம்பர் ஏதும்..." என்று கேட்டார். "இல்லப்பா. நாங்க வர்றப்பவே விழுந்து கிடந்தாங்க," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! போலீஸ்காரர் ஒருவர் என் பெயரையும் எழுதிக்கொண்டார், உதவி செய்தவர் என்று.

மச்சான் போனில், "நாம இடிக்கவே இல்லயே மாப்ள. வாயத் தொறக்காதீங்க. ஏத்திக்கிட்டுப் போய்ச் சேத்தாச்சில்ல, அதுவே புண்ணியம்," என்றார். அரிசியை வேறு யாரோ வேனில் வந்து எடுத்துப் போனார்களாம். அன்னதானம் நன்றாக நடந்ததாம். எனக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை அவருக்கு. அது போயிற்று. விபத்துக்குக் காரணமான வண்டி எதுவென்று தெரியாததால் காப்புறுதிப் பணம் கேட்கவும் வழியில்லை என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் அவர் கணவர் என்னிடமே வந்து சொல்லிப் புலம்புவார். நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வாழ்க்கையில் பல பேர் மேல் அருவருப்பு வந்திருக்கிறது. என் மேலேயே வந்தது அப்போதுதான்.

ஒருநாள் அந்தக் கணவர் போன் செய்து, "அண்ணே, உங்க நட்சத்திரம் என்னண்ணே?" என்று கேட்டார். எதற்கென்று யோசிக்காமல் திருவாதிரை என்று சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். கையில் ஒரு நெகிழிப் பை. உள்ளே ஒரு மூடித் தேங்காய், இரண்டு வாழைப்பழம், பொட்டலத்தில் விபூதி, குங்குமம்.

"உங்க பேருக்குத்தாண்ணே அர்ச்சனை. வாராவாரம் வைக்கணும்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா. நீங்க நூறு வருசம் நல்லா இருக்கணும்ணே."

அந்தத் தேங்காயை நாங்கள் சட்னி அரைக்கவில்லை. எறியவும் மனம் வரவில்லை. ஐஸ் பெட்டிக்குள்ளேயே கிடந்து கெட்டுப்போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு மூடி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. கேட் சத்தம் கேட்டால் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, மனைவியைப் போய் வாங்கச் சொல்வேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மனைவி தனியாக அந்த அர்ச்சனை நடக்கும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் புள்ளயே வந்திருந்துச்சுங்க. ரெண்டு பக்கமும் கக்கத்துல கட்டையை ஊனிக்கிட்டு. தட்டப் பிடிக்க முடியல, யாரோ பிடிச்சாங்க. ஐயர் பேரு கேக்குறாரு. உங்க பேரச் சொல்லுது, நட்சத்திரம் சொல்லுது, அப்புறம் என் பேரு, நம்ம புள்ளைங்க பேரு. அதோட பேர அது சொல்லவே இல்லங்க." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு நீங்க போய்ச் சொல்றீங்க. இல்லன்னா நான் போறேன்."

மறுநாள் காலை இருவரும் போனோம். தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். "உக்காரும்மா" என்று சொல்வதற்குள் கணவர் மைலோ பானம் கலக்க உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வரும் வரை காத்திருந்தேன். பிறகு நின்றுகொண்டே சொன்னேன். அரிசி மூட்டை, பேட்டரி, வீம்பு எல்லாவற்றையும் சொன்னேன். இடையிலேயே பேட்டரியைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நிறுத்திவிட்டு, "லோரிய வெட்டுனது நான்தாம்மா," என்றேன்.

கணவர் கோப்பைகளைத் தட்டோடு கீழே வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைத் தாண்டி வெளியே போய், வாசலில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, என் தலைய மடியில வச்சிருந்தீங்களே. உங்களுக்கும் அப்பவே தெரியுமா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "போயிடுங்க," என்றார் அந்தப் பெண். சத்தமில்லாமல்தான் சொன்னார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். மச்சான் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டார். வழக்கு நடந்தது. அபராதம், ஓட்டுநர் உரிமம் பறிப்பு என்று எனக்கு வர வேண்டியது வந்தது. அந்தப் பெண்ணுக்குக் காப்புறுதி கேட்கும் வழி திறந்தது. என் வாய் மூடியிருந்த நான்கு மாதமும் அந்த வழியை நான்தான் அடைத்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

வழக்கு முடிந்த அன்று நீதிமன்றத்து நடையில் அவர் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செயற்கைப் பாதம் பொருத்தியிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். இந்த முறை அண்ணே என்று கூப்பிடவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி அந்த லோரி பின்னாலயே போயிருந்தா, எவ்வளவு நேரம் லேட்டாயிருக்கும்?"

லோரி திரும்பிய ஆலை அந்த வளைவைத் தாண்டியதும் இருக்கிறது. "ஒரு நிமிசம்," என்றேன். "அதுகூட இருக்காதும்மா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். குனிந்து, புதுப் பாதத்தின் பட்டையைச் சரிசெய்துகொண்டார். கணவர் வந்து கை கொடுக்க, எழுந்து நடந்து போனார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று என்னிடம் பல பேர் சொன்னார்கள். எனக்கு இன்றுவரை லேசாகவில்லை, அவர் அந்தப் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிற வரையில் லேசாகவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.