ஒரே கேள்விக்கு இரண்டு விடை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஐந்து பேர். வெளிநாட்டில் முதியோர் இல்லங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்காக, தாதிமாரின் வேலை அட்டவணையைப் போடும் மென்பொருளை எழுதிப் பராமரிக்கிறோம். நான் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராதான் எங்கள் வீடு; அதில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, நான் குடையை மடித்து வைப்பதற்கு முன்பே குழுத் தலைவர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியராக இருந்து இந்த வேலைக்கு வந்தவர். புதிய பதிப்பைப் போன வெள்ளிக்கிழமைதான் அனுப்பியிருந்தோம். அதில் பழைய வாரங்களைத் திறந்தால் தாதிமாரின் வேலை முறைகள் மாறிக் கிடக்கின்றன என்று முறைப்பாடு வந்திருந்தது. லீவில் இருந்த ஒரு தாதி வேலை செய்ததாகக் காட்டுகிறதாம். அந்தப் பகுதியை எழுதியது நான். முறைகள் நான்கு வாரத்துக்கு ஒருதடவை சுழலும்; இந்த வாரத்தைப் பூச்சியமாக வைத்து, பழைய வாரங்களை மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று எண்ணி, நான்கால் வகுத்த மீதியை வைத்து முறையைக் கண்டுபிடிக்கும்படி எழுதியிருந்தேன்.

என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பிய பதிப்பை ஓட்டினேன். பிழை. இரண்டும் ஒரே நிரல். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றித் தருவது கொம்பைலர். வெளியே அனுப்பும்போது, வேகமாக ஓடும்படி சுருக்கித் தரச் சொல்லி அதற்கு ஒரு கட்டளை கொடுப்போம். என் கணினியில் அந்தக் கட்டளை இல்லாமல் ஓட்டினேன்.

நாங்கள் எழுதுவது சார்பு முறை மொழி. பள்ளிக்கூடக் கணிதத்தில் வரும் சார்பு போலத்தான்: ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போது கேட்டாலும் ஒரே விடை வர வேண்டும். அதற்காகத்தான் இந்த மொழியைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் மல்லுக்கட்டினேன். அதே மொழி இப்போது இங்கே ஒன்று, அங்கே ஒன்று சொல்கிறது.

எந்த இடத்தில் கெடுகிறது என்று பார்க்க, நடுவில் விடையைத் திரையில் காட்டும்படி ஒரு வரியைச் சேர்த்தேன். பிழை போய்விட்டது. அந்த வரியை எடுத்தேன். பிழை வந்துவிட்டது. திரும்பச் சேர்த்தேன். போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் முழு மென்பொருளையும் கட்டி முடிக்கப் பதினைந்து நிமிடம். அன்று பகல் சாப்பாட்டுப் பார்சலை மூன்று மணிக்குத்தான் பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் குழுத் தலைவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, பிடிச்சிட்டியளோ?"

"கொம்பைலர்லதான் ஏதோ கோளாறு இருக்கும்போல தெரியுது சேர்."

அவர் சிரித்தார். கேலி இல்லை, மாணவி ஒருத்தி விடைத்தாளில் பிழையாக எழுதியதைப் பார்த்துச் சிரிப்பது போல.

"எத்தினை ஆயிரம் பேர் பாவிக்கினம் அதை. எங்கட பக்கம்தான் பிழை இருக்கும். வடிவாப் பாருங்கோ."

"ரெண்டு நாளா அதத்தான் சேர் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்ப இன்னும் ஒருநாள் பாருங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பனிக்காரருக்குப் பதில் சொல்ல வேணும்."

நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஒரு இணையத்தளத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு மணித்தியாலம் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் பெரிய புள்ளிக்கணக்கு வைத்திருக்கும் யாரோ ஒருவர். மறை எண்ணை, அதாவது மைனஸ் எண்ணை, வகுக்கும்போது மீதியை இரண்டு விதமாகச் சொல்லலாம், அதைப் படிக்காமல் கொம்பைலரைக் குறை சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தார். இனி யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியையும் மூடிவிட்டார்கள். அவர் சொன்ன இரண்டு விதமும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒன்றைத் தேர்ந்து எழுதியிருந்தேன். அதையும் கேள்வியில் சொல்லியிருந்தேன். அவர் அதுவரை வாசிக்கவில்லை.

முகம் சூடாகிவிட்டது. கீழே போய்த் தேத்தண்ணி வாங்கி, குடிக்காமலே ஆறவிட்டு, மேலே வந்தேன்.

வியாழக்கிழமை அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். வலது கண்ணில் வெள்ளை படர்ந்து, கொழுந்துக்கும் முற்றின இலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நாலைந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுப்பார்கள். நான் அரைநாள் லீவு எடுத்தேன். ஆனால் லெப்டொப்பையும் கொண்டுபோனேன். முதல் பஸ்ஸைப் பிடித்தும் எங்களுக்குக் கிடைத்தது நாற்பத்தேழாம் நம்பர்.

வாங்கில் உட்கார்ந்ததும் லெப்டொப்பைத் திறந்தேன். முந்திய நாள் முழுக்க நிரலை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பகுதியை எடுப்பது, கட்டிப் பார்ப்பது, பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் இன்னொரு பகுதியை எடுப்பது. ஆயிரம் வரி இருநூறாகியிருந்தது. இப்போது ஒவ்வொரு கட்டலுக்கும் சில வினாடிகள்தான். வரிசை நகர நகர நானும் வெட்டிக்கொண்டே போனேன். நூறு. அறுபது. முப்பது.

"என்னாடி அது, காலையிலருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்க. ஒரு பன்னாவது தின்னு."

"இரும்மா."

"போர்டுல என்னா நம்பர் போகுதுன்னு எனக்குத் தெரியலடி."

"நா பாத்துக்கிறேன்மா."

பதினெட்டு வரி. பிறகு ஒன்பது. அந்த ஒன்பதில் தாதிமாரும் இல்லை, அட்டவணையும் இல்லை. மைனஸ் ஏழை எடுத்து நான்கால் வகுத்து மீதியைச் சொல் என்பது மட்டும்தான் மிஞ்சியது. நான் பாவித்த முறையில் விடை மைனஸ் மூன்று. சுருக்கும் கட்டளை இல்லாமல் கட்டினால் அதுதான் வந்தது. கட்டளையோடு கட்டினால் ஒன்று. நான்கால் வகுப்பதற்குக் கொம்பைலர் ஒரு குறுக்குவழி பிடித்திருக்கிறது. அந்த வழி மறை எண்ணுக்குச் சரிவராது; நடுவில் விடையைத் திரையில் காட்டச் சொன்னால் மட்டும் அந்த வழியில் போகாமல் விட்டிருக்கிறது. என் பிழை இல்லை. அந்த ஒன்பது வரியையும் திரும்பக் கட்டினேன். ஒன்று.

"நம்ம நம்பரா கூப்புட்டாங்க?" என்று அம்மா என் தோளைத் தொட்டார்.

"இல்லம்மா. சும்மா இரேன் கொஞ்சம்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன் வாங்கிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொம்பைலரைச் செய்கிறவர்களுக்கு அறிக்கை எழுதத் தொடங்கினேன். அதை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது போர்டில் அறுபத்திரண்டு இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். நாற்பத்தேழை இரண்டு தடவை கூப்பிட்டதாகத் தாதி சிங்களத்தில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். அட்டையில் அடுத்த மாதத் திகதியை எழுதித் தந்தார்.

திரும்பி வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "நம்பர் போயிருச்சும்மா" என்றேன்.

"அப்பவே கூப்புட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் போகவில்லை. லுணுகலை பஸ்ஸில் இருவரும் ஏறினோம். பசறை தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அடுத்த மாசம் நா பக்கத்துக் காம்பரா அக்காவக் கூட்டிக்கிட்டு வந்துக்கிறேன். நீ வேலையப் பாரு" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏற்பாட்டைச் சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. ஆமாம், இது கொம்பைலரின் பிழைதான், ஏற்கெனவே வேறொருவர் சொல்லி அடுத்த பதிப்பில் திருத்திவிட்டோம், அந்தப் பதிப்புக்கு மாறுங்கள். மூன்றே வரி. நான் நாலு நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது ஏற்கெனவே அவர்கள் பட்டியலில் இருந்திருக்கிறது. வேறு சொற்களில் எழுதியிருந்ததால் என் தேடலில் சிக்கவில்லை.

குழுத் தலைவரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"நீங்கள் சொன்னது சரிதான் பிள்ளை. நான்தான் நம்பேல்ல." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஆனா இப்ப புதுப் பதிப்புக்கு மாற ஏலாது. மற்ற எல்லாம் உடைஞ்சு போகும். வேற வழி ஒண்டு செய்யுங்கோ."

வேறு வழி ஒற்றை வரிதான். வகுப்பதற்கு முன் எண்ணின் குறியை எடுத்துவிட்டு, வகுத்த பின் திரும்பப் போடுவது. எழுத இரண்டு நிமிடம். அன்று பின்னேரமே அனுப்பினோம். அவசரத்தில், ஏன் அப்படி எழுதினேன் என்று குறிப்பு எதுவும் வைக்கவில்லை. அது என் பிழை.

அடுத்த மாதம் அம்மா சொன்னபடியே பக்கத்துக் காம்பரா அக்காவோடு கிளினிக்குக்குப் போனார். நானும் வருகிறேன் என்று லீவு எடுத்து, பஸ்ஸில் ஏறினேன். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நம்பரை அந்த அக்காதான் பார்த்துக்கொண்டார். திகதி கிடைத்தது. ஒப்பரேஷனும் நல்லபடியாக முடிந்தது. கண் கட்டைப் பிரித்த நாளில் நான் பக்கத்தில் நின்றேன். "லைட்டு ரொம்ப வெளிச்சமா இருக்கு" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டார். நம்பரைத் தவறவிட்ட நாளில் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டு முடித்துவிட்டேன்.

அம்மா திரும்ப வேலைக்கு இறங்கிய வாரம், அதே முறைப்பாடு மறுபடியும் வந்தது. பழைய வாரங்கள், மாறிக் கிடக்கும் முறைகள். நிரலைத் திறந்தால் என் ஒற்றை வரியைக் காணவில்லை. எங்களோடு புதிதாகச் சேர்ந்த வெலிமடைப் பெண் ஒருத்தி அதை எடுத்திருந்தாள். குறியை எடுத்துத் திரும்பப் போடுவது வீண்வேலை, நேராகவே வகுக்கலாமே என்று நினைத்திருக்கிறாள். நியாயம்தான். சுருக்கும் கட்டளை இல்லாமல் ஓட்டும் அவளுடைய கணினியில் எல்லாச் சோதனையும் சரியாகவே வந்திருக்கும்.

"சும்மா சுத்தி வளைச்ச மாதிரி இருந்திச்சு அக்கா. கேட்டிருக்கணும்" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. அவளைத் திட்ட எடுத்த சொல்லை விழுங்கினேன்.

வரியைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை அதற்கு மேலே, எந்தக் கொம்பைலர் பதிப்பில் என்ன பிழை, எந்த எண்ணுக்கு என்ன விடை வருகிறது, இதை எடுத்தால் என்ன ஆகும் என்று பதினோரு வரியில் குறிப்பு எழுதினேன். குழுத் தலைவர் பார்த்துவிட்டு, "ஒரு வரிக்குப் பதினொரு வரிக் குறிப்போ? கொஞ்சம் குறைக்கலாம்தானே" என்றார்.

"குறைக்க மாட்டேன் சேர்" என்றேன்.

அவர் அந்த மாற்றத்தை அப்படியே அனுமதித்தார்.